செஞ்சியில் பொழுது சாயும்வரை

எனக்குப் பசி தாங்காது. மலேசியாவில், எங்கள் ஈப்போவில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். காலையில் பசியாறக் கொஞ்சம் நேரமானாலும் என் முகம் சிடுசிடுவென்று ஆகிவிடும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவளைத்தான், சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட ஒரு பெரியவரைப் பார்த்து வரும்படி செஞ்சிக்கு அனுப்பினார்கள்.

அனுப்பியவன் தரணேந்திரன். நான் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில் அவன் ஆராய்ச்சியாளன். செஞ்சிக்காரன், தமிழ்ச் சமணர் வீட்டுப் பிள்ளை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் அங்கே ஆய்வக உதவியாளர். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளை மெல்லிய சீவலாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஏற்றுவது என் வேலை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பழகிவிட்டது. கையைக் கழுவிவிட்டு நேராக நாசி லெமாக் சாப்பிடப் போய்விடுவேன்.

தரணிக்கு மூளை முழுவதும் வேண்டாம். கழுத்தை ஒட்டிய மூளைத்தண்டில், பின்பக்கமாக, நீளமான அரிசி மணி அளவில் ஓர் இடம் உண்டு. அது மட்டும் போதும். நல்ல மூளையில் அந்த இடம் கருநீலப் புள்ளியாக வெறுங்கண்ணுக்கே தெரியும். அல்சைமர் வந்து இறந்தவர்களின் மூளையில் வெளுத்துக் கிடக்கும். நார்எபிநெப்ரின் என்ற ரசாயனத்தைச் சுரந்து மூளை முழுவதற்கும் அனுப்புகிற செல்கள் அங்கேதான் இருக்கின்றன. விழித்திரு, கவனி, இது புதிது என்று மற்ற பாகங்களுக்குச் சொல்வது அவை. நோயின் முதல் தடயம் பலருக்கு அங்கேதான் தென்படுகிறதாம், ஞாபகம் தடுமாறுவதற்குப் பல வருடங்கள் முன்பே.

ஏன் அந்தச் செல்களுக்கு மட்டும் முதலில் வருகிறது என்று ஒரு நாள் கேட்டேன். தரணி ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றான். எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் மூளையின் மூலை முடுக்கெல்லாம் கிளை நீட்டியிருக்கும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவற்றுக்கு வேலை. கனவு வருகிற தூக்கத்தில் மட்டும்தான் ஓய்வு. பக்கத்திலேயே ரத்தக்குழாய்கள் இருப்பதால் ரத்தத்தில் வருகிற கெடுதலும் எளிதில் வந்து சேரும். எல்லோருக்காகவும் முழித்துக்கொண்டிருப்பவன் முதலில் தேய்கிறான் என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்துகொண்டான். அவனுடைய அப்பாவுக்கே அந்த நோய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது, ஊரிலிருந்து அவன் சித்தப்பா போன் செய்த அன்றுதான். அப்பா சில வாரங்களாகச் சாப்பாட்டை விட்டுவிட்டார், தட்டைக் கொண்டுபோனால் கைகூப்பிவிடுகிறார் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். இது நோயில்லை, சல்லேகனை என்றாராம். வாழ்க்கை முடியும் காலத்தில் உணவை விட்டுவிட்டு அமைதியாக உயிர் துறக்கிற பழைய சமண நோன்பு அது. மேல்சித்தாமூர் சமண மடத்துக்கு அழைத்துப் போய் முறைப்படி நோன்பு வாங்கிக் கொடுத்துவிடலாம், மகன் நீ சம்மதம் சொல் என்று கேட்டிருக்கிறார். உள்ளூர் டாக்டரோ மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்தலாம் என்கிறார். தரணியின் பாஸ்போர்ட் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போய் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நானோ புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா சொல்றது தப்புன்னு நான் சொல்லலை அக்கா," என்றான். "நைனா வேண்டாம்னு சொல்றாரா, இல்ல வேணும்னு சொல்லத் தெரியாம இருக்காரா? அதை மட்டும் நேர்ல பாத்துச் சொல்லுங்க."

அவர்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள்.

செஞ்சிக்குப் போன அன்று பௌர்ணமி என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் என் பஸ்ஸில்தான் இருந்தது. ஈப்போவில் பஸ்ஸில் இரண்டு பேர் நின்றால் கூட்டம் என்போம். இங்கே என் பை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நின்றோம். சன்னலுக்கு வெளியே பாறைகளைக் குவித்துக் கொட்டியது போல மலைகள் வந்தன, அதன் உச்சியில் கோட்டை தெரிந்தது, ஆகா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே செஞ்சி பின்னால் போய்விட்டது. நான் கத்தியது என் பக்கத்தில் நின்ற அம்மாவைத் தாண்டிப் போகவில்லை. ஆலம்பூண்டியில் இறக்கிவிட்டு, "செஞ்சின்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று கண்டக்டர் என்னையே கோபித்துக்கொண்டார்.

அங்கிருந்து ஏழுமலை என்பவரின் ஆட்டோவில் திரும்பினேன். மலேசியா என்றதும், அவருடைய மச்சான் கோலாலம்பூரில் ஹோட்டலில் வேலை பார்ப்பதாகவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றும் சொன்னார். தெரியாது என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் நான் தங்கப்போகும் வீட்டின் பெயரைச் சொன்னதும், "நயினார் வீடா? அங்க பொழுதோட சாப்ட்டு முடிச்சிருவாங்களே. நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று என்மேல் உண்மையாகவே இரக்கப்பட்டார். சமணர்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அடுப்படி கழுவி, பாத்திரமெல்லாம் கவிழ்த்தாகிவிட்டது. சூரியன் இறங்கியபின் சாப்பிடுவதில்லை என்பது அந்த வீட்டின் வழக்கம். விளக்கு ஏற்றிவிட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். தரணியின் அம்மா பத்மாவதி அம்மாள் எழுபதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. எனக்காக மறுபடி அடுப்பை மூட்டப் போனார். நான் பெரிய மனுஷியாக, வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். எங்கள் ஊரில் நடுராத்திரியிலும் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு, பையில் இருந்த க்ரீம் பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பெரியவரைப் பார்த்தேன். பெயர் விருஷபதாஸ். வேர்க்கடலையும் நெல்லும் பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மேல்சித்தாமூரிலிருந்து தரணியின் படிப்புக்காகச் செஞ்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நல்ல உயரம், தோளெலும்பு சட்டைக்கு மேலாகத் தெரிந்தது. கொல்லைப்புறத்தில் முக்காலியில் உட்கார வைத்துப் பத்மாவதி அம்மாள் பல் தேய்த்துவிட்டார். தேய்த்து முடித்ததும் ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தார், பெரியவர் மடமடவென்று குடித்தார்.

சாப்பிடுகிறாரே என்றேன்.

"இது ஒண்ணுதாம்மா," என்றார் பத்மாவதி அம்மாள். "உள்ள போனதுக்கு அப்புறம் நாள் முச்சூடும் ஒரு பருக்கை எறங்காது."

வீடு பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். போன மழையில் முற்றத்தில் தேங்கிய நீரில் பெரியவர் வழுக்கி விழுந்துவிட்டார். அதைக் கேட்டுப் பதறிப்போன தரணி முற்றத்தின் மேல் தகர ஷீட் போடச் சொல்லியிருந்தான். ஆள் வைத்துப் போட்டு முடித்ததும் அந்தப் படத்தை எங்களுக்கெல்லாம் காட்டினான், இனிமேல் நைனா விழமாட்டார் என்று. பக்கத்து வீடுகளெல்லாம் ஒட்டி ஒட்டி இருந்ததால் உள்ளே வேறு வெளிச்சத்துக்கு வழியில்லை. காலையிலிருந்து டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பகலில் விளக்கு எரிந்தால் என் அம்மா வீட்டையே இரண்டாக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பத்மாவதி அம்மாள் காய் நறுக்கிக்கொண்டே பேசினார். ஞாபகம் போவதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே மனிதர் மாறிவிட்டாராம். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். பகலெல்லாம் சாய்ந்த இடத்தில் தூங்குவார், இரவானால் கதவு கதவாகத் திறந்து பார்ப்பார். கடலை விலை இறங்கியதால் டென்ஷன் என்று அம்மாள் நினைத்துக்கொண்டாராம். தரணி அப்போதுதான் மலேசியாவுக்கு வந்த புதிது. இங்கே அப்பாவின் தலைக்குள் அந்த நீலப் புள்ளி வெளுத்துக்கொண்டிருந்த வருடங்களில்தான், அங்கே யார் யாருடைய மூளையிலோ அது வெளுத்த கதையை அவன் எழுதிக்கொண்டிருந்தான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ஒரு முருங்கைக்காய்க் குழம்பு, வாசனையிலேயே எனக்கு நாக்கில் நீர் ஊறியது. உறங்கிக்கொண்டிருந்த பெரியவரை எழுப்பி உட்கார வைத்துத் தட்டை முன்னால் வைத்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார், நிமிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு தண்ணீரை எடுத்து வாயைக் கொப்பளித்து, கண்ணை மூடிக் கைகூப்பினார். முகத்தில் பிடிவாதம் இல்லை, வெறுப்பு இல்லை. பார்க்கிற எவருக்கும் இவர் ஏதோ முடிவு எடுத்துவிட்டார் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தரணிக்கு உடனே போன் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சித்தப்பா ஜினதாஸ் சாயங்காலம் வந்தார். சண்டைக்காரரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் அண்ணனின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்ட ஆரம்பித்தார். அவரே என்னைத் திருநாதர்குன்றுக்கு அழைத்துப் போனார். சுற்றுலாக்காரர்களெல்லாம் ராஜகிரிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்க, இந்தச் சின்னக் குன்றில் எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. உச்சியில் பெரிய பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட ஓர் ஆசிரியரின் நினைவாக வெட்டிய பழைய தமிழ் எழுத்தும் அங்கே உண்டு. சித்தப்பா அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் வாங்கி வந்த முறுக்கைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. அண்ணன் சின்ன வயதிலிருந்து ஒரு நாள்கூடப் பொழுது போனபின் சாப்பிட்டதில்லை. தினமும் மாலைச் சாப்பாடு முடிந்ததும் வாயைக் கொப்பளித்துக் கைகூப்பி, மறுநாள் சூரியன் வரும்வரை உணவில்லை என்று சொல்லிக்கொள்வார். இப்போது அதையே பட்டப்பகலில் செய்கிறார். தினம் இரவுக்கு எடுத்த நோன்பை இப்போது மொத்தமாக எடுத்துவிட்டார் என்பதைத் தவிர அதற்கு வேறென்ன பொருள்?

"எனக்கு மட்டும் அண்ணன அனுப்ப ஆசையாம்மா?" என்றார். "மூக்குல கொழா வெச்சி, கையக் கட்டிப்போட்டு... அப்படி ஒருத்தர பெரியாஸ்பத்திரில பாத்துட்டேன். அவருக்கு அது வேணாம்."

நான் சீவிய மூளைகளில் சிலவற்றின் சொந்தக்காரர்கள் கடைசிக் காலத்தை அப்படித்தான் கழித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்காமல் கொடுக்கிற நோன்பும் உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார் உடனே. தெளிந்த மனதோடு தானே கேட்க வேண்டும், குரு அதைப் பார்த்துத்தான் அனுமதிப்பார், அதனால்தான் மடத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றார். அண்ணனால் வாயால் கேட்க முடியவில்லை, கையால் கேட்கிறார் என்றார். எதிரே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைமேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவசரமாக இறங்கினோம், நான் பொழுதுக்குள் சாப்பிட வேண்டுமே.

அன்று இரவு தரணியிடம் பேசினேன். தெரியவில்லை என்றேன். நாளைக்கு மடத்துக்குக் கூடப் போங்கள் அக்கா, குரு என்ன சொல்கிறாரோ அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றான்.

மூன்றாம் நாள் ஏழுமலையின் ஆட்டோவில் நான்கு பேரும் கிளம்பினோம். பெரியவர் நடுவில், நானும் பத்மாவதி அம்மாளும் இரண்டு பக்கமும், சித்தப்பா ஏழுமலைக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கிக்கொண்டு. சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பத்மாவதி அம்மாள் வழிநெடுக கணவரின் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். பெரியவர் என்னை யார் என்று கேட்டார், தரணியோடு வேலை பார்க்கிறேன் என்றேன். நல்லது என்றார். சற்று நேரத்தில் மறுபடி கேட்டார்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிந்த கிளைச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், ஏதோ அறுந்த சத்தம் கேட்டு வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள். ஏழுமலை தலையில் கைவைத்துக்கொண்டார். "நேத்துதான் பாத்தேன், நல்லாதான் இருந்துது," என்று எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் வந்த ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு கேபிள் வாங்கப் போய்விட்டார்.

இரண்டு பக்கமும் கடலை பிடுங்கிய கொல்லைகள். தூரத்தில் பெண்கள் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. ஆட்டோவுக்குள் புழுக்கம் தாங்காமல் இறங்கி, சாலையோர மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். பத்மாவதி அம்மாள் பெரியவரின் தலையை முந்தானையால் மூடினார், அவர் அதை விலக்கிவிட்டார். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு கொல்லையைப் பார்த்தார், காய் ஆய்கிற பெண்களைப் பார்த்தார், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வீட்டில் நான் பார்த்த மனிதரைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பசி வந்துவிட்டது. நோன்பு கேட்கப் போகிற வழியில், அதுவும் நோன்பாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டப்பாவைத் திறப்பது மகா பாவம் என்று எனக்கே தெரிந்தது. என்னுடைய குணத்தை இரண்டு நாளில் புரிந்துகொண்ட பத்மாவதி அம்மாள்தான் எனக்கென்று தயிர்சோறு கட்டி வந்திருந்தார். கையில் கொடுத்து, சாப்பிடம்மா என்று கண்ணைக் காட்டினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். என் முழங்கையை யாரோ தொட்டார்கள்.

பெரியவர். டப்பாவைப் பார்த்தார். மேலே சூரியனைப் பார்த்தார்.

"இன்னும் பொழுது இருக்குதே," என்றார். "எனக்குப் போடலியா?"

பத்மாவதி அம்மாள் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கினார் என்றே சொல்ல வேண்டும். உருட்டி உருட்டி அவர் கையில் வைத்தார். பெரியவர் சாவகாசமாகத் தின்றார், ஊறுகாய் கேட்டார், இல்லை என்றதும் கோபித்துக்கொண்டார். பத்மாவதி அம்மாள் அந்தக் கோபத்தைப் பார்த்து அழுதார். டப்பாவில் கடைசிப் பருக்கை வரை தீர்ந்தது. என் பசி போன இடம் தெரியவில்லை.

சித்தப்பா எழுந்து கொல்லைக்குள் கொஞ்ச தூரம் நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. திரும்பி வந்தவர் அண்ணன் காலடியில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

"பசிக்குதுன்னு கேக்கறவரைப் போயி..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. ஏழுமலை கேபிளோடு வந்ததும் வண்டியை வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்.

ஆனால் புதிர் அவிழ்ந்தது வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான். காலையில் கிளம்பும் அவசரத்தில் டியூப்லைட்டை அணைக்காமல் போயிருந்தோம். உச்சி வெயிலிலிருந்து பெரியவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தோம். தாடையில் இன்னும் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. எரிகிற விளக்கை நிமிர்ந்து பார்த்தார். நேராகச் செம்பு இருந்த இடத்துக்குப் போனார், வாயைக் கொப்பளித்தார், கண்ணை மூடிக் கைகூப்பினார்.

பத்மாவதி அம்மாள் விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைட்டு," என்றார் பத்மாவதி அம்மாள், காற்றுப் போன குரலில். "லைட்டப் பாத்துட்டு, பொழுது போயிடுச்சின்னு நெனச்சிக்கிறாரு."

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். வீடு இருண்டது. முற்றத்துக்கு மேலே தகர ஷீட். கஞ்சி மட்டும் ஏன் இறங்கியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொல்லைப்புறத்தில் வானம் இருந்தது. உள்ளே இவருக்கு எந்நேரமும் விளக்கு வைத்த நேரம். எப்போது விழித்திருப்பது, எப்போது உறங்குவது என்று நமக்கு உள்ளிருந்து சொல்கிற செல்கள் இவருக்குத் தேய்ந்துபோய்விட்டன. வெளியே கண்ணுக்குப் படுவதைத்தான் இவர் நம்பியாக வேண்டும். வெளியே நாங்கள் காட்டியது பொய்ப் பொழுது. பிள்ளைகளின் பெயரெல்லாம் போனபிறகும் வழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பொய்ப் பொழுதுக்கு ஒழுங்காகப் பட்டினி கிடந்திருக்கிறார்.

பத்மாவதி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தரணிகிட்ட ஷீட்டப் பத்தி சொல்லாதம்மா. நைனாவுக்காகன்னு ஆசயா போட்டான்," என்றார். சரி என்றேன். உண்மையைச் சொல் என்று கேட்டு அனுப்பியவனிடம் எப்படி மறைப்பது என்று அப்போது யோசிக்கவில்லை. அன்றிரவு அவனிடம், நைனா வழியில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மடத்துக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் காலை சித்தப்பாவே ஏணி போட்டு ஏறினார். கீழேயிருந்து நான் திட்ட, பத்மாவதி அம்மாள் திட்ட, ஏழுமலை வந்து அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். ஒவ்வொரு தகரமாகக் கழன்று வர, தரையில் வெயில் துண்டு துண்டாக விழுந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மத்தியானம் முற்றத்து வெயிலின் ஓரத்தில் இலை போட்டோம். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை நாளைக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகிற ஷீட் செஞ்சியிலேயே கிடைக்கும் என்றார் ஏழுமலை. தரையில் சொரசொரப்பான கல் பதிப்பது தன் பொறுப்பு என்றார் சித்தப்பா.

இலை எடுத்தபின் சித்தப்பா என்னிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டார். ஒரு நாள் இவர் நல்ல பகலிலேயே வேண்டாம் என்று சொல்லுவார், அது நோயா, இவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரியாது என்றேன். அந்த நாள் வரும் என்பதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. இந்த நோயில் பசியும் ஒரு நாள் போய்விடும். அவர் தலையாட்டிக்கொண்டார்.

"வரட்டும்," என்றார். "அப்பவும் இந்த வெயில்ல உக்கார வெச்சித்தான் கேப்பேன்."

அன்று மாலை ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்ததில் பொழுது போனது தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்களாம், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்திருக்கிறேன். முற்றத்துக்கு வந்தபோது வானம் கருத்துக்கொண்டிருந்தது. பத்மாவதி அம்மாள் விளக்கு ஏற்றிவிட்டார். வயிறு உடனே தன் வேலையைக் காட்டியது. பெரியவர் கண்ணயர்ந்திருப்பதாக நினைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். சரசரவென்ற சத்தம்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். அண்ணாந்து முற்றத்து வானத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பிரித்த பாக்கெட்டின் வாயை மெதுவாக மூடினார்.

"பொழுது போயிடுச்சிம்மா," என்றார், யாரோ வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போல. எழுந்து செம்பைத் தேடிப் போய் வாயைக் கொப்பளித்துக் கைகூப்பினார். பத்மாவதி அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துத் தரணி வீடியோவில் கூப்பிட்டான். எடுத்ததும் முதல் கேள்வி.

"நைனா சாப்டாரா அக்கா?"

"மத்தியானம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்ப மாட்டேன்னுட்டார்."

"ஏன்?"

"பொழுது போயிடுச்சாம்."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்தது. போனைத் திருப்பி மேலே காட்டினேன். முற்றத்துக்கு நேர் மேலே, தகரம் இருந்த இடத்தில், இரண்டு மூன்று நட்சத்திரங்கள் வந்திருந்தன. அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சாப்டீங்களா அக்கா?"

"என்னையும் விடலை தரணி," என்றேன். பாக்கெட்டின் வாயை மடித்துப் பைக்குள் வைத்தேன்.